பழைய வண்டியும் புதிய கையும்

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகருக்குத் தெற்கே ஆபிங்டன் என்றோர் ஊர் உண்டு. எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார்கள் 1962 முதல் 1980 வரை அங்கே உருவாயின. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்த பின், 1980 அக்டோபரில் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. ஈன்ற வீடு மறைந்தும் பிள்ளைகள் இன்றும் நடமாடுகின்றன. காரணம், சனிக்கிழமைதோறும் கொட்டகையில் கையைக் கரியாக்கிக்கொள்ளும் சாதாரண மனிதர்களே. அவர்களுள் பலர் ஒரு நாள் ஒன்றும் அறியாத கற்றுக்குட்டிகளாய்த் தொடங்கியவர்கள்தாம்.

இதில் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பிரிட்டனில் வண்டிகளுக்கு ஆண்டுதோறும் தகுதிப் பரிசோதனை நடைபெறுவது வழக்கம். 2018 மே மாதம் முதல், நாற்பது ஆண்டு கடந்த, பெரிதும் மாற்றியமைக்கப்படாத வண்டிகளுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஆனால் வண்டியைப் பழுதின்றி வைத்திருக்கும் பொறுப்பிலிருந்து உரிமையாளருக்கு விலக்கு இல்லை. ஆகவே பரிசோதகர் பார்க்க வேண்டியதை இனி நாமே பார்த்தாக வேண்டும். நாம் காட்டும் அசட்டையின் விலையை வழியில் செல்லும் ஒரு குழந்தை கொடுக்க நேரலாம் அன்றோ?

அத்தகைய கொட்டகையொன்றில், முதன்முறையாக ஸ்பேனரைக் கையிலெடுத்து நாம் நிற்பதாகக் கொள்வோம்.

முதற்பாடம் கருவியைப் பற்றியது. இவ்வண்டியின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் அதில் பொருந்துவது போலவே தோன்றும். பலமாகத் திருகினாலோ போல்ட்டின் முனைகள் மழுங்கிவிடும். ஏறத்தாழப் பொருந்துவது பொருந்தாததைக் காட்டிலும் தீங்கானது.

இரண்டாவது பாடம் உயிரைப் பற்றியது. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கே உரியது. தாங்கி நிற்பதற்கு உரியதன்று. உறுதியான சமதரையில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, இரும்புத் தாங்கிகளின் மேல் வண்டியை இறக்கிய பிறகே அடியில் புக வேண்டும். “ஒரே நிமிட வேலைதானே” என்று ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகுந்து மாண்டவர்கள் உண்டு. வீட்டார் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருப்பதும் நலம்.

எஞ்சின் சற்றே சூடாக இருக்கையில் பழைய ஆயிலை வடித்தால் கசடும் சேர்ந்து வெளியேறும். வடிகால் திருகில் புதிய செப்பு வாஷர் இட்டு, வடிகட்டியையும் மாற்றிப் புது ஆயில் ஊற்றுவோம். எஞ்சினைக் கிளப்பியதும் கண் முதலில் ஆயில் அழுத்தமானியின் மேல் இருக்கட்டும். சில விநாடிகளில் முள் எழவில்லையெனில் உடனே நிறுத்துக.

அடுத்து ஸ்பார்க் பிளக்குகள். நான்கு கம்பிகளையும் ஒருசேரப் பிடுங்கிவிட்டு, எது எங்கே இருந்ததென்று விழிப்பது கற்றுக்குட்டியின் வழக்கமான துன்பம். இந்த எஞ்சின் 1, 3, 4, 2 என்னும் வரிசையில் தீப்பற்றுவது. ஆகையால் ஒவ்வொன்றாகக் கழற்றி, இடைவெளியை 0.025 அங்குலமாக அமைத்து, அதனதன் இடத்தில் பொருத்திய பின்பே அடுத்ததைத் தொடுவோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் செய்தால், பிழை நேர்ந்தாலும் எங்கே நேர்ந்ததென்று அறியலாம்.

வால்வுகள் எட்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ஒவ்வொன்றுக்கும் 0.015 அங்குல இடைவெளி வேண்டும். எதை எப்போது அளப்பது? பழைய மெக்கானிக்குகள் கையாளும் எளிய கணக்கு ஒன்பது. எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது முதலாவதை அளக்க. மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவதை அளக்க. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும்.

இவ்வண்டியின் இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர்களைக் கண்டு பலர் அஞ்சுவர். அஞ்சத் தேவையில்லை. மிதியை அழுத்தும்போது வண்டி தயங்கித் தள்ளாடினால், முதலில் கார்புரேட்டரின் தலைமூடியைத் திருகி எடுத்து, உள்ளே ஆயில் இருக்கிறதா எனப் பார்ப்போம். அது வற்றினால் உள்ளிருக்கும் பிஸ்டன் விரைந்தெழும். பெட்ரோல் கலவை நீர்த்துவிடும். சில துளி ஆயிலில் தீர வேண்டிய குறைக்குக் கார்புரேட்டரையே பிரித்துப் போட்டுத் திண்டாடியவர் பலர். இரண்டும் ஒரே அளவில் காற்றை இழுக்கின்றனவா என அறியச் சிறு ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதிலும், மறுமுனையைக் காற்று வாயிலிலும் வைத்து, இரண்டின் இரைச்சலும் ஒத்து ஒலிக்கும்வரை திருகை மெல்லச் சரிசெய்வோம்.

ஆனால் பிரேக்கின் முன் கற்றுக்குட்டி அடக்கத்துடன் நிற்க வேண்டும். தொடக்ககால வண்டிகளில் பிரேக் திரவத்துக்கு ஒரே சுற்றுத்தான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களின் கால்பிரேக்கும் போய்விடும், கைபிரேக் ஒன்றே மிஞ்சும். அத்திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது; ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நன்று. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அத்தூசியை ஊதிப் பறக்கவிடலாகாது. இவ்வேலையைத் தனியே செய்து பார்க்காமல், தேர்ந்த மெக்கானிக் ஒருவரை அழைத்து, அவர் அருகிருந்து கற்போம். முடிவில் அவரே சோதித்துப் பார்க்கட்டும். “எனக்கு இது தெரியாது” என்று கூறுவதில் இழுக்கு ஏதுமில்லை.

வேலை முடிந்ததும் தேதி, ஓடிய தூரம், செய்த வேலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைப்போம். செய்த தவற்றையும் ஒளிக்காமல் எழுதுவோம். பெற்றோர் பயன்படுத்திய வண்டியைப் பின்னாளில் ஏற்கும் பிள்ளைக்கு, அப்பக்கமே யாவற்றினும் மேலாகப் பயன்படும்.