ஈரச் சக்கையில் ஒரு கரி

நூறு லிட்டர் பீர் தயாரித்தால் சுமார் 20 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும். மாவுச்சத்தைப் பறிகொடுத்த பார்லி. அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வெயில் காலத்தில் ஓரிரு நாளில் புளித்துவிடும். எரிக்கலாம் என்றால் முதலில் உலர்த்த வேண்டும். கிடைக்கும் வெப்பத்தில் கணிசமான பகுதி அதிலேயே கரைந்துவிடும்.

இந்த ஈரத்தையே வேலை வாங்குகிறது நீர்வெப்பக் கரியாக்கம். சக்கையை அழுத்தம் தாங்கும் கலத்தில் இட்டு மூடி, 180 முதல் 250 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில மணி நேரம் வேகவைக்கிறார்கள். ராட்சத பிரஷர் குக்கர் மாதிரி. அழுத்தத்தால் தண்ணீர் பெரும்பாலும் ஆவியாவதில்லை. பூமிக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் நடப்பது ஒரே பகலில் நடக்கிறது. கிடைப்பது பழுப்பு நிலக்கரியை ஒத்த கரி. பிழிந்தாலே பெருமளவு நீர் இறங்கிவிடும். உலர்த்திக் கட்டிகளாக்கினால் ஆலையின் பாய்லரிலேயே எரிக்கலாம்.

யோசனை பழையது. ஜெர்மன் வேதியியலாளர் பிரெடரிக் பெர்கியஸ் 1913லேயே இத்தகைய சோதனைகளைச் செய்திருந்தார். பின்னர் 1931ல் நோபல் பரிசை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டவர் இவர்.

சிக்கல்களும் உண்டு. பிழிந்த நீரில் கரிமக் கழிவு அதிகம். சுத்திகரிக்காமல் வெளியே விட முடியாது. தவிர, புரதம் மிகுந்த இந்தச் சக்கை நல்ல மாட்டுத் தீவனம். இந்தியாவில் கறவை மாடு வளர்ப்போர் அதை விலை கொடுத்து வாங்குகிறார்கள். அங்கே அதைக் கரியாக்குவது பாலை எரிப்பதற்குச் சமம். மாடு தின்றது போக மிஞ்சுவதும் கெட்டுப்போனதும் மட்டுமே பாய்லருக்குப் போவதுதான் நியாயம்.