பரிசோதனை ஆலை வாசலுக்கு வரட்டும்

அம்பத்தூர் கள்ளிக்குப்பத்திலோ திருமுல்லைவாயலிலோ பட்டாபிராமிலோ, வேலை நாளில் பகல் பதினோரு மணிக்கு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத் தன்னார்வலர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால், திறப்பவர் பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருப்பார். தன்னார்வலர் வாசற்படியிலேயே உட்கார்ந்து பையைத் திறக்கிறார். அந்தப் பெண்ணின் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்க்கிறார். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சுகர் பார்க்கிறார். உள்ளே கட்டிலில் இருக்கும் மாமியாருக்கு மாத்திரை கொடுக்கிறார். “வீட்டுக்காரருக்கும் பாத்துடலாமே” என்றால், “அவரு டூட்டிக்குப் போயிட்டாருக்கா, வர ராத்திரி ஒன்பது ஆகும்” என்று பதில் வருகிறது. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே உள்ள கட்டம் காலியாகவே நிற்கிறது. அடுத்த சுற்றிலும் அதே பதில், அதே காலிக் கட்டம்.

இதைப் பார்த்துவிட்டு, ஆண்களுக்கு உடம்பின் மேல் அக்கறை கிடையாது என்று முடிவுகட்டுவது எளிது. மருத்துவர்களும் மனைவிமார்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், ஷிப்டுக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் ஏற்ப நாள் நகரும் சென்னையின் இந்த மேற்குப் புறநகரில், ஆண்கள் இல்லாத நேரத்தில்தான் அரசு வீட்டுக்கு வருகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மை. பரிசோதனை ஆலை வாசலுக்கு வர வேண்டும். அது சம்பளம் பிடிக்காத நேரத்தில் நடக்க வேண்டும். அதன் முடிவு நிர்வாகத்தின் கைக்குப் போகக் கூடாது. இந்த மூன்றும் நடக்காதவரை ஆண்களைத் திட்டிப் பயனில்லை.

கணக்கைப் பார்ப்போம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ரத்த அழுத்தம் கூடுதலாக இருப்பவர்கள், அதற்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் உட்பட, பெண்களில் 24.8 சதவீதம், ஆண்களில் 30.2 சதவீதம். 2020இல் மாநில அளவில் நடந்த தொற்றாநோய்க் கணக்கெடுப்பு இன்னும் கவலை தந்தது. வயதுவந்தவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம். சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 10.8 சதவீதம். நோய் ஆண்களிடம் கூடுதல். ஆனால் அரசு மருத்துவமனையில் பிரஷர், சுகர் மாத்திரைக்குக் காலையில் நிற்கும் வரிசையைப் போய்ப் பாருங்கள், அதில் பெண்கள்தான் கூடுதல். நடுவில் விடுபட்டுப் போகும் ஆண்கள் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவில்தான் வந்து சேர்கிறார்கள். நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுக்கும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023இல் வந்தது. நல்ல திட்டம். ஆனால் வலி வந்த பிறகு உதவும் திட்டம் அது.

காசநோயிலும் இதே கதைதான். 2019-21இல் நாடு முழுவதும் நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில், நோய்க்கான அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் சிகிச்சை தேடியே போகவில்லை என்று தெரியவந்தது. அந்த நோய் ஆண்களிடம் கூடுதல் என்பதும் தெரியவந்தது. வாரக்கணக்கில் இருமிக்கொண்டே லேத்தில் நிற்பவருக்குத் தன் இருமல் தெரியாதா? தெரியும். “தூசிதான், சரியாயிடும்” என்று தள்ளிப்போடுகிறார். “நான் கல்லு மாதிரி இருக்கேன், எனக்கென்ன” என்பது நம் வீடுகளில் சிறுவயதிலேயே ஊட்டப்படும் பெருமிதம். வலியைச் சொல்லாத பையனைத்தான் நாம் மெச்சினோம். நாற்பது வயதில் அவனே போய் மருத்துவர் முன் உட்கார வேண்டும் என்றால் எப்படி நடக்கும்?

ஆனால் இதை ஆண்களின் பிறவிக்குணம் என்று விட்டுவிட முடியாது. அதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. 1950களின் பிற்பகுதியில், அன்றைய சென்னை மாநிலம் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு ஊக்கத்தொகை கொடுத்து நாட்டுக்கே முன்னோடியாக நின்றது. அப்போது அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பிறகு நெருக்கடிநிலைக் காலத்தில் நாடெங்கும் நடந்த கட்டாயக் கருத்தடை ஆண்களை விரட்டியது. அரசுகளும் சத்தமில்லாமல் பெண்கள் பக்கம் திரும்பிக்கொண்டன. 2019-21 கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் அறுவை செய்துகொண்டிருந்தார்கள். வாசெக்டமி செய்துகொண்ட ஆண்களின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. யாரைக் கேட்கிறோம், எங்கே போய்க் கேட்கிறோம், எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் யார் வருகிறார்கள் என்பதும் அமைகிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்க் பேக்டரியும் 1960களில் வந்தவை. அவற்றைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் நிரந்தரத் தொழிலாளியாக இருப்பவருக்கு ஈ.எஸ்.ஐ. போன்ற மருத்துவ வசதி உண்டு, விடுப்பு உண்டு. ஆனால் இன்று அங்கே வேலை செய்பவர்களில் பலர் காண்ட்ராக்ட் ஆட்கள். அரை நாள் மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். மாதக் கடைசியில் வருகைக்கான ஊக்கத்தொகையும் போகும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் லேத் பட்டறைக்கும் பாலிஷ் பட்டறைக்கும் ஈ.எஸ்.ஐ. பொதுவாகக் கட்டாயமே இல்லை. பூந்தமல்லியில் விடியற்காலை கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிறவர் இருட்டிய பிறகுதான் இறங்குகிறார். இவர்களிடம் போய் ‘வருமுன் காப்போம்’ என்றால், எந்த நேரத்தில் காப்பது என்று அவர்கள் கேட்பது நியாயம்.

வெளியே யாரும் பேசாத ஒரு பயமும் இருக்கிறது. சுகர் இருக்கிறது, பிரஷர் இருக்கிறது என்று தெரிந்தால் நைட் ஷிப்ட் தரமாட்டார்கள், ஓ.டி. தரமாட்டார்கள். காண்ட்ராக்ட் முடிந்ததும் அடுத்த முறை பெயர் இருக்காது. ஆலைக்குள் முகாம் போட்டாலும் கையை நீட்டத் தயங்குவதற்கு இதுதான் காரணம். இந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்கக் கூடாது. வேலை போய்விடும் என்று கணக்குப் போடத் தெரிந்ததால்தான் அவர் தயங்குகிறார்.

அப்படியானால் பெண்கள் நலமாக இருக்கிறார்களா? மருத்துவமனை வரிசையில் நிற்பதாலேயே அவர்களுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைத்தால் அது பெரிய ஏமாற்று. குழந்தையின் தடுப்பூசிக்கு, மாமனாரின் மாத்திரைக்கு, கணவரின் ரிப்போர்ட்டை வாங்க என்று பிறர் பொருட்டே அவர்கள் மருத்துவமனைக்கு நடக்கிறார்கள். தங்களுக்கென்று செய்ய வேண்டிய பரிசோதனை தள்ளித் தள்ளிப் போகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் சோதனையைத் தேனியிலும் தஞ்சாவூரிலும் முதலில் நடத்திப் பார்த்து, பிறகு மாநிலம் முழுவதும் கொண்டுசென்ற மாநிலம் இது. அப்படியிருந்தும் 2019-21 கணக்கெடுப்பில், அந்தச் சோதனையை ஒருமுறையாவது செய்துகொண்ட பெண்கள் 9.8 சதவீதம்தான். நாட்டின் சராசரியைவிட இது பல மடங்கு மேல். ஆனால் பத்தில் ஒன்பது பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள். கார்மெண்ட் கம்பெனியில் தையல் மெஷின் முன் பகல் முழுக்க உட்காரும் பெண்ணுக்கும், ஆண்களைப் போலவே பகல் பதினோரு மணி கிடையாது. மாலை வீடு திரும்பியதும் அடுப்பு காத்திருக்கிறது.

இதில் இன்னொரு சுமையும் இருக்கிறது. வீடுவீடாகப் போகும் தன்னார்வலர்கள் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தெருத் தெருவாக நடக்கிறார்கள். ஆண்களைப் பிடிக்க இரவு எட்டு மணிக்கு மேல் போங்கள் என்று இவர்களிடமே சொல்வது அநியாயம். அந்த நேரத்தில் தனியாகப் போய் ஓர் ஆணிடம் குடி, புகை பற்றிக் கேட்பது எவ்வளவு சங்கடம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கணவனின் மாத்திரையை நினைவூட்டுவது மனைவியின் வேலை, ஊரின் ஆண்களைத் தேடிப் பிடிப்பது தன்னார்வலரின் வேலை என்று எல்லாவற்றையும் பெண்கள் தலையிலேயே கட்டும் வழக்கம் நிற்க வேண்டும். ஆண்களுக்கென்று ஆண் சுகாதாரப் பணியாளர்களை, உரிய ஊதியத்தோடு, நியமிக்க வேண்டும்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. ‘வருமுன் காப்போம்’ திட்டத்தை முதல்வராக இருந்த கருணாநிதி 1999 டிசம்பர் 30 அன்று தொடங்கிவைத்தது இதே பூந்தமல்லியில்தான். 2021இல் அது மீண்டும் உயிர்பெற்றது. அதே ஆண்டு வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஐ.நா. விருது வரை போனது. 2023 ஜூனில் திறக்கப்பட்ட 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலை 4 முதல் 8 மணி வரையும் இயங்கும்படி அமைக்கப்பட்டன. வேலைக்குப் போகிறவர்களை நினைத்து எடுத்த முடிவு அது, பாராட்டத்தக்கது. ஆனால் 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘நலம் காக்கும் ஸ்டாலின்’ முகாம்கள் சனிக்கிழமைகளில் நடந்தன. தொழிற்பேட்டையில் சனிக்கிழமை வேலை நாள். ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை என்பது இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்று 2024இல் பணியிடத்துக்கே போகும் திட்டமும் வந்தது. சரியான திசை அதுதான். அதைப் பெரிய ஆலைகளோடு நிறுத்திவிடக் கூடாது. செக்யூரிட்டியும் நர்ஸும் கேன்டீனும் உள்ள ஆலைக்குள் முகாம் போடுவது எளிது. ஆறு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு யார் போவது? அம்பத்தூரில் சிறுதொழில் உரிமையாளர்களுக்குச் சங்கம் இருக்கிறது. ஒரு தெருவில் உள்ள இருபது பட்டறைகளுக்குச் சேர்த்து ஒரு நாள் வண்டி நிறுத்த அச்சங்கம் இடம் கொடுத்தால் போதும். உரிமையாளர் ஒரு மணி நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எழுத வேண்டும். நடமாடும் மருத்துவ வண்டி ஷிப்ட் மாறும் மதியம் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும்.

2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனை என்று மத்திய அரசு அறிவித்தது. அந்தத் தொகுப்புகளில் ஒன்றே, மின்சாரத்தில் இயங்கும் இடத்தைத் தொழிற்சாலை என்று கொள்ள 10 பேர் போதும் என்றிருந்ததை 20 பேராக உயர்த்தியது. ஒரு கையால் கொடுத்ததைப் பட்டறைத் தொழிலாளியிடமிருந்து மறு கையால் எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது மாநில அரசின் பொறுப்பு. பரிசோதனை முடிவு தொழிலாளிக்கும் மருத்துவருக்கும் மட்டுமே உரியது, அதைக் காட்டி வேலையை விட்டு நீக்கினால் தண்டனை என்று விதியில் தெளிவாக எழுத வேண்டும்.

ஆண்கள் கூடும் இடத்துக்கே போனால் என்ன நடக்கும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு நல்ல சோதனை நடந்தது. கறுப்பின மக்களின் 52 முடிதிருத்தகங்களில், ரத்த அழுத்தம் கூடிய 319 ஆண்களைக் கொண்டு நடத்தப்பட்ட அந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. மருந்தாளுநர் கடைக்கே வந்து மருந்து எழுதிக்கொடுத்த கடைகளில், வாடிக்கையாளர்களின் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அறிவுரை மட்டும் கூறிய கடைகளில் இறங்கியது சுமார் 9 புள்ளி. ஆவடி மார்க்கெட்டிலும் கொரட்டூரிலும் ஞாயிறு காலை சலூன்களில் இடமிருக்காது. அங்கே ஒரு பிரஷர் கருவியும் ஓர் ஆண் சுகாதாரப் பணியாளரும் இருப்பதற்குப் பெரிய செலவாகாது.

பெண்கள் கூடுதலாக வேலை செய்யும் ஆலைகளில் மார்பக, கருப்பைவாய்ச் சோதனைகளைப் பெண் மருத்துவர் அல்லது நர்ஸ், மறைவான அறையில், வேலை நேரத்திலேயே செய்ய வேண்டும். நலவாழ்வு மையங்களின் மாலை நேரத்தில் வாரம் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்கலாம்.

எதைச் செய்தாலும் அளந்து பார்க்க வேண்டும். இத்தனை லட்சம் பேர் பயனடைந்தார்கள் என்று வரும் அறிவிப்புகளில் அவர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, வேலைக்குப் போகும் வயதினர் எத்தனை என்பது மக்கள் கண்ணில் படும்படி இருப்பதில்லை. நாட்டின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமே அம்பத்தூருக்குப் பக்கத்தில் அயப்பாக்கத்தில் இருக்கிறது. அதன் உதவியோடு, சென்னை மாநகராட்சி அம்பத்தூர் மண்டலத்திலும், ஆவடி மாநகராட்சி தன் வார்டுகளிலும், பூந்தமல்லி நகராட்சி தன் பகுதியிலும் இந்த விவரத்தை மாதந்தோறும் பிரித்து வெளியிட வேண்டும். காலியாக நிற்கும் கட்டங்கள் எந்தத் தெருவில் எத்தனை என்பது தெரிந்தால், வண்டியை எந்தக் கேட்டில் எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதை அடுத்த மாதமே முடிவு செய்துவிடலாம்.