நெஞ்சுக்குழி வலியெல்லாம் வாய்வா?

நோன்பு துறந்து புரியாணியும் பொரித்ததும் உண்ட இரவில் வலது விலாவின் கீழோ நெஞ்சுக்குழியிலோ வலி எழும்பி, வலது தோள்வரை ஏறுகிறதா? வாய்வென்று சோடா குடித்துவிட்டுக் கிடப்பது நம் சோனகத் தெரு வழக்கம். பித்தப்பையின் வாயைக் கல் அடைத்தாலும் இப்படித்தான் வலிக்கும். தானாகத் தணிந்தாலும் டொக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுங்கள். 5 மணி நேரமாகியும் விடாவிட்டால், குளிர்காய்ச்சலோ கண்மஞ்சளோ சேர்ந்தால், உடனே யாழ். போதனா வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மாரடைப்பும் இவ்விடத்தில் வலிக்கும். வியர்த்து மூச்சு முட்டினால் மணி பார்க்காதீர்கள். வாகனமில்லையேல் 1990க்கு அழையுங்கள் (நம்மை ஊர்பெயர்த்த ஆண்டும் அதுவே!), இலவச அம்புலன்ஸ் வரும். நோன்புப் பகலில் வந்தாலும் மஃரிபுக்குக் காத்திராதீர்கள். நோயாளி பிறகு கழாச் செய்ய அல்லாஹ் சலுகை தந்துள்ளான் (அல்குர்ஆன் 2:185).