பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் சிறுவர் பூங்கா

பெருமதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் மண்டலத்துப் பூங்காக்கள் உங்கள் பொறுப்பில் இருப்பதால் இந்த மடல் உங்களுக்கு. தனியாக எழுதிப் பார்த்தாயிற்று. வார்டு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். உதவிப் பொறியாளரை நேரில் பார்த்துச் சொன்னேன். இணையத்திலும் புகார் பதிந்தேன். அதற்குக் குறுஞ்செய்தி வந்தது: தீர்வு காணப்பட்டது, புகார் முடித்து வைக்கப்பட்டது என்று. அதை நம்பி மகளைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனால் சங்கிலியும் பூட்டும் அப்படியே தொங்கின. இனி நாலு பேர் படிக்கும்படி எழுதுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

எங்கள் தெருக்கோடியில் உள்ள சிறுவர் பூங்காவைக் காலை ஒன்பது மணிக்குப் பூட்டுகிறார்கள். மாலை நாலரைக்குத் திறக்கிறார்கள். திறந்த பிறகு பெரிய பையன்கள் பந்தோடு வந்துவிடுவார்கள், நடைப்பயிற்சிக்காரர்கள் வந்துவிடுவார்கள், பொடிசுகள் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். என் மகளுக்கு மூன்றரை வயது. பள்ளிக்கூடம் அடுத்த ஜூனில்தான். அதுவரை அவளுடைய பகல் எங்கே போவது?

நாங்கள் பேராவூரணிப் பக்கத்துக்காரர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்ததில் எங்கள் தோப்பில் பாதிக்கு மேல் வேரோடு சாய்ந்தது. தென்னங்கன்று வைத்தால் பாளை விடவே ஐந்தாறு வருஷம் ஆகும். வைத்தோம், காத்திருந்தோம். மிச்சம் நின்ற மரங்களில் வெள்ளை ஈ விழுந்து மட்டையெல்லாம் கறுத்துப் போயிற்று. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் நிற்கவில்லை. என் கணவர் இந்த நகரத்தில் வேலை தேடிக்கொண்டார், நானும் குழந்தையும் பின்னால் வந்தோம். எங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள் இப்படி வந்து சேர்ந்திருக்கின்றன. வந்தவர்களுக்கு வேலை கிடைக்கிறது, வாடகைக்கு வீடும் கிடைத்துவிடுகிறது. கூட வந்த குழந்தைக்கு என்ன கிடைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஊரில் நடை பழகிய நாளிலிருந்து என் மகள் கொல்லையிலேயே கிடந்தவள். அவளுடைய அப்பாயி ஓலை கிழித்து விளக்குமாற்றுக்கு ஈர்க்கு சீவிக்கொண்டிருப்பார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து, உதிர்ந்த குரும்பைகளைப் பொறுக்கி ஈர்க்கில் குத்தித் தேர் செய்து இழுப்பாள். காய்ந்த மட்டையில் அவளை உட்கார வைத்துப் பெரிய பிள்ளைகள் தோப்பைச் சுற்றி இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். கிணற்றுப் பக்கம் போகாதே என்பதைத் தவிர வேறு தடை அவளுக்கு அங்கே இருந்ததில்லை.

இங்கே இரண்டாவது மாடியில் ஓர் அறையும் சமையலறையும். அவள் ஓடினால் கீழ்வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டுகிறார். அவர் வீட்டில் பெரியவர் ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கிறார், நான் அந்த அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். மொட்டை மாடியை வீட்டுக்காரர் பூட்டி வைத்திருக்கிறார். தெருவில் தண்ணீர் லாரியும் பைக்குகளும் போகிற வேகத்தில் நானே சுவரோரம் ஒட்டித்தான் நடக்கிறேன். இப்போதெல்லாம் அவள் வீட்டுக்குள் நுனிக்காலில் நடக்கிறாள். நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே பழகிக்கொண்டாள். எங்கே போனாலும் முதலில் என் முகத்தைப் பார்த்து, "அம்மா, இங்க ஓடலாமா?" என்று கேட்கிறாள். மூன்றரை வயதில் ஒரு பிள்ளை ஓடுவதற்கு அனுமதி கேட்கிறது, ஐயா. இந்த வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. எங்கள் வீட்டில் அந்த நிமிடங்களையெல்லாம் கைப்பேசி தின்கிறது.

விதிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதுப்பித்த பூங்காவைத் திறந்து வைக்க நீங்கள் வந்தீர்களே, அந்த நாளை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

அன்று காலை பதினொரு மணி. அந்த நேரத்தில் அந்தக் கேட் திறந்திருந்ததை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். வாழைமரம் கட்டியிருந்தார்கள். புதுச் சறுக்குமரத்தில் ரிப்பன். பக்கத்துப் பள்ளியிலிருந்து சீருடையோடு பிள்ளைகளை வேனில் அழைத்து வந்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நீங்கள் ரிப்பன் வெட்டினீர்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சறுக்கினார்கள், போட்டோ எடுத்தார்கள். ஒருவனை மட்டும் படம் சரியாக விழவில்லை என்று மறுபடி ஏறச் சொன்னார்கள். நானும் இன்னும் சில தாய்மாரும் எங்கள் பிள்ளைகளோடு கேட்டுக்கு வெளியே நின்றோம். நிகழ்ச்சி முடியட்டும், அப்புறம் உள்ளே விடுகிறோம் என்றார்கள். நிகழ்ச்சி முடிந்தது. வேன் போயிற்று, உங்கள் காரும் போயிற்று. காவலாளி வந்து சங்கிலியைச் சுற்றிப் பூட்டினார். வெட்டிய ரிப்பன் சறுக்குமரத்திலேயே கிடந்தது. என் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அந்த அண்ணன்லாம் ஓடுனாங்களே, நான் எப்பம்மா?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். படத்துக்குத் திறக்க முடிந்த கேட்டைப் பிள்ளைக்கு ஏன் திறக்க முடியவில்லை?

காவலாளி நல்ல மனிதர், கேட்டதற்குக் காரணம் சொன்னார். பகலில் திறந்தால் ஜோடிகள் வந்து உட்கார்ந்துவிடுவார்களாம், குடிகாரர்கள் வருவார்களாம், ஒப்பந்ததாரர் காலைக்கும் மாலைக்கும்தான் ஆள் போட்டிருக்கிறாராம். குடிக்கிறவர்கள் இப்போதும் வருகிறார்கள். பின்சுவர் ஓரமாகப் போய்ப் பாருங்கள், பாட்டில்கள் கிடக்கின்றன. சுவர் ஏறிக் குதிக்கத் தெரியாத குழந்தைகளைத்தான் அந்தப் பூட்டு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. நாலு சுவருக்குள் தனியாகப் பேச இடமில்லாத இளசுகள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதும் எனக்குப் புரியவில்லை. அவர்களுக்குப் பயந்து பிள்ளைகளைத் தண்டிப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி?

அந்தப் பூங்கா நிலம் அலுவலகத்தின் சொத்தும் இல்லை. மனைப்பிரிவு போட்டபோது பொது உபயோகத்துக்கென்று ஒதுக்கித் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்த இடம் அது. பத்திலொரு பங்கு நிலம் எதற்காக அப்படி விடப்படுகிறது என்று உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இங்கே மனை வாங்கியவர்கள் கொடுத்த விலையில் அந்த மண்ணும் அடக்கம். அவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் வாடகையிலும் அது அடக்கம். தானமாக வந்த இடத்துக்குச் சங்கிலி போட உங்களுக்கு மனசு எப்படி வந்தது?

உங்கள் வீட்டிலும் பேரனோ பேத்தியோ இருக்கலாம். அந்தப் பிள்ளை பகல் முழுக்க ஓர் அறைக்குள் நுனிக்காலில் நடந்தால் நீங்கள் மனு எழுதிவிட்டுக் காத்திருக்க மாட்டீர்கள்.

பகலில் ஆள் இல்லை என்பதுதான் தடை என்றால், பின்தெருவில் மகளிர் சுயஉதவிக் குழு இருக்கிறது. சாவியைத் தந்தால் முறைபோட்டுப் பார்த்துக்கொள்வதாக அந்தப் பெண்கள் சொல்லிவிட்டார்கள், அதையும் என் மனுவில் எழுதியிருந்தேன். நீங்கள் படிக்கவில்லை, அல்லது படித்தும் பேசாமல் இருந்துவிட்டீர்கள். எதுவானாலும் இன்னொரு குறுஞ்செய்தி எனக்கு வேண்டாம். ஒன்பதிலிருந்து நாலரை வரை கேட் திறந்திருக்கும் என்று உங்கள் கையெழுத்தோடு ஓர் ஆணை எழுதி அந்தக் கேட்டிலேயே ஒட்டச் சொல்லுங்கள். மறுக்கிறீர்கள் என்றால் அதையும் காரணத்தோடு எழுதி அங்கேயே ஒட்டுங்கள். பிள்ளைகளோடு வந்து நிற்கிற ஒவ்வொருவரும் அதைப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மண்டலத்தில் குடியிருக்கும் ஒரு தாய்