சைக்கிளும் பூர்வஜென்மமும்

மலேசியாவில், கிள்ளான் பக்கம் மேருவில், எங்கள் தமானில் (குடியிருப்பில்) ஒரு பெரியவருக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இனிப்புநீர். கட்டைவிரலில் ஒரு சின்னப் புண். மஞ்சள் பத்து போட்டார்கள், வேப்பிலை அரைத்துக் கட்டினார்கள், விரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் பார்க்கப் போயிருந்தோம். கையில் இனிப்பு மைலோ மாவு டின்னோடு வந்திருந்த ஒருவர், நெற்றி நிறைய விபூதி, கோயில் கமிட்டியில் பழம் தின்று கொட்டை போட்டவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பெரியவரின் மனைவியிடம் சொன்னார்: “அழுவாத தங்கச்சி. எல்லாம் போன ஜென்மத்துக் கணக்கு. யாரையோ இந்தக் காலால எட்டி உதைச்சிருப்பாரு. இதோட தீர்ந்துச்சுன்னு நெனச்சுக்க.”

இனிப்புநீர்க்காரருக்கு மைலோ, போன காலுக்குக் கர்மா. இரண்டையும் கொடுத்துவிட்டு மனுஷன் நிம்மதியாகத் தேநீர் குடித்தார். அவரைவிட எனக்கு எரிச்சலூட்டியது, சுற்றியிருந்தவர்கள் தலையாட்டிய விதம். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகூட ஆட்டியது.

இந்தத் தலையாட்டல்காரர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். சைக்கிளைப் பற்றி.

1941-ஆம் ஆண்டு. இதே கிள்ளான் வட்டாரம். தோட்டத்துச் செம்மண் பாதையில் ஒரு பால்மரத் தொழிலாளி சைக்கிளில் வருகிறான். எதிரே வெள்ளைக்காரத் துரை வந்தால் இறங்க வேண்டும். துரையே வேண்டாம், அவர் குமாஸ்தாவான கிராணி வந்தாலும் இறங்க வேண்டும். இறங்கி, ஓரமாக நின்று, அவர் போன பிறகுதான் ஏற வேண்டும். சைக்கிள் அவனுடையது, அவன் காசு போட்டு வாங்கியது. தமிழ் நேசன் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தாரும் பின்னால் நிற்க, தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சீனத் தொழிலாளிக்கு என்ன கூலியோ அதே கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், பெண்களிடம் துரைமார் கைவைப்பது நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். அந்தப் பட்டியலில் இதுவும் இருந்தது: துரைக்கு முன்னால் சைக்கிளில் போக அனுமதி வேண்டும். மே 6-ஆம் தேதி நாதனைக் கைது செய்தார்கள், பிறகு நாடுகடத்தினார்கள். வேலைநிறுத்தம் மேலும் பரவியது. மே 16-ஆம் தேதி சிலாங்கூரில் அவசரகால நிலை. இந்தியப் பட்டாளத்தையே கொண்டுவந்து இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் நம் ஆட்கள் செத்தார்கள்.

இப்போது கர்மாக்காரர்கள் சொல்லட்டும். சைக்கிளை விட்டு இறங்கியது எந்த ஜென்மத்துப் பாவம்? போன பிறவியில் யாருடைய மாட்டுவண்டியை மறித்தான்? ஆயிரக்கணக்கான பேர் மொத்தமாக மறித்தார்களா? வண்டியில் போன அந்த ஒருவர்தான் புண்ணியம் செய்து அடுத்த பிறவியில் ஸ்காட்லாந்தில் பிறந்து துரையாகக் கிள்ளானுக்கு வந்தாரா? சரி, அப்படியே இருக்கட்டும். இன்று மேருவில் எந்தத் தமிழனும் எவனைக் கண்டும் வண்டியை விட்டு இறங்குவதில்லை. போலீஸ் ரோட் பிளாக் தவிர. அந்தப் பாவமெல்லாம் எங்கே போனது? அனுபவித்துத்தான் தீர வேண்டும் என்கிற கணக்கு, நாலு பேர் கூடிக் கேட்டதும் ஆட்டம் கண்டது எப்படி?

வேலைநிறுத்தத்தால் ஆட்டம் காணுகிறது என்றால் அதற்குப் பெயர் கர்மா இல்லை. அது தோட்ட நிர்வாகம்.

அன்றைக்கும் லயத்தில் யாரோ ஒரு விபூதிக்காரர், “நம்ம தலையெழுத்து, இறங்கி நின்னுட்டுப் போவோமே” என்று சொல்லியிருப்பார். எல்லாரும் தலையாட்டியிருந்தால் அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்னும் இறங்கிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு ஜப்பான்காரன் வந்து சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டருக்கு ரயில்பாதை போட ஆள் பிடித்தான். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் அந்தக் காட்டிலேயே போனார்கள். அதற்கும் பூர்வஜென்மம்தானா? குரூப் டிக்கெட்டா? இப்படிச் சொல்ல வாய் கூசாதா என்று கேட்காதீர்கள். கூசவில்லை. ஒரு சொற்பொழிவில் என் காதால் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சனங்கள் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றார்கள்.

சாஸ்திரம் பேசலாம் என்றால் அதற்கும் தயார். மெய்கண்டார் சிவஞானபோதத்தைப் பன்னிரண்டே சூத்திரத்தில் முடித்தார். நம் ஆட்களுக்கு அது நீளமாகத் தெரிகிறது போலும். ஆணவம், கன்மம், மாயை என்று மூன்று மலம் சொல்கிறது சித்தாந்தம். இவர்களுக்கு நடுவில் உள்ளது மட்டும் போதும். அந்தக் கன்மத்திலும் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்று. மூட்டையாகக் கிடப்பது, இப்போது அனுபவிப்பது, இப்போது செய்து சேர்ப்பது. அந்த மூன்றாவதை யாராவது கோயில் வாசலில் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? பேச மாட்டார்கள். பேசினால் புண்ணைக் கழுவாமல் விட்டது யார் வினை, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மைலோ நீட்டியது யார் வினை என்று கணக்கு நம் பக்கம் திரும்பும். கன்மம் சடப்பொருள், தானாக வந்து ஒட்டாது, இறைவன்தான் கூட்டுவிக்கிறான் என்றும் அதே சித்தாந்தம் சொல்கிறது. ஆக, கிராணியைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னது சிவபெருமான் என்றாகிறது. சொல்லிப் பாருங்கள், எந்தச் சைவன் ஒப்புக்கொள்கிறான் என்று.

அத்வைதக் கோஷ்டி இன்னும் வசதி. வெள்ளிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வகுப்பில் ஆத்மாவும் பிரம்மமும் ஒன்று, உலகம் வெறும் தோற்றம். சனிக்கிழமை காலை எள் விளக்கு. பிரம்மத்துக்கு ஏழரைச் சனி! இந்த வேடிக்கையைச் சொன்னால் கோபம் வருகிறது.

வினையே இல்லை என்று நான் வாதாடவில்லை. எரிகிற அடுப்பில் கைவைத்தால் சுடும், அதுவும் வினைதான். என் சண்டை இந்தக் கர்மாவின் திசையோடு. என்றைக்காவது டத்தோ பட்டம் வாங்கிய ஒருவரின் வீட்டில் போய், “இந்தக் கார் போன ஜென்மத்தில் நீங்கள் திருடியது” என்று யாராவது சொன்னார்களா? அங்கே அது உழைப்பு, திறமை, முருகன் அருள். நார்த் ஹம்மொக் தோட்டம் இருந்த இடத்தில் இன்று செத்தியா ஆலாம் நகரம் நிற்கிறது. தோட்டத்தோடு வீட்டையும் வேலையையும் இழந்தவனுக்குத்தான் இந்த நாட்டில் கர்மா. நிலத்தை விற்றவனுக்கு அது லாபம். குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடே காலம் தள்ளிய கிழவிக்குக் கர்மா, விண்ணப்பத்தைக் கிடப்பில் போட்ட குமாஸ்தாவுக்கு மட்டும் மாதக் கடைசியில் சம்பளம். மகன் குண்டர் கும்பலில் சேர்ந்தால் கர்மா, கணவன் குடித்துவிட்டு அடித்தால் கர்மா. அந்த 1941 தொழிலாளர்கள் கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். நாமானால் பரிகாரம் கேட்டிருப்போம்.

பரிகாரத்தைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அனுபவித்தே ஆக வேண்டும் என்கிறார்கள். பணம் கட்டினால் குறையும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். சாதா, சிறப்பு, குடும்பத்தோடு என்று மூன்று ரகம். ராசி பலன் வாட்ஸ்அப்பில் இலவசம். குறைத்துத் தரக்கூடிய கணக்கா இது? அப்படியென்றால் துரையிடமே பேரம் பேசி, வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் சைக்கிளை விட்டு இறங்குகிறோம் என்று முடித்திருக்கலாமே.

இந்த நாட்டில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று பார்த்தால் இனிப்புநீர் நம்மிடம்தான் அதிகம். பூர்வஜென்மத்தில் நாம் எல்லாரும் கரும்புத் தோட்டத்தில் திருடியிருக்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் சீட்டுப் போட ஒரு வெள்ளி. அங்கே நர்ஸ் ஒரு மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து அழுத்தி, தெரிகிறதா, தெரிகிறதா என்று இடம் இடமாகக் கேட்பார். தெரியாத இடத்தில் உணர்வு போய்விட்டது என்று பொருள். அங்கே புண் வந்தால் வலிக்காது, அதனால் தினமும் கண்ணால் பார்த்துக் கழுவ வேண்டும். அவ்வளவுதான் விஷயம், சில நிமிட வேலை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நர்ஸைக் கோயில் மண்டபத்தில் உட்கார வைக்கலாமே என்று கமிட்டியில் கேட்டேன். மண்டபம் சனிப்பெயர்ச்சி முடிகிற வரைக்கும் புக்காகிவிட்டதாம்.