எந்த வருஷ பென்ஸ்?

பழைய பென்ஸ் விற்பனைக்கு என்ற விளம்பரங்களில் வருஷத்தைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். கடைசி வருஷ மாடல் என்றால் விலையும் ஒரு படி மேலே. ஆனால், ரசிகர்கள் டபிள்யூ 124 என்று செல்லமாகச் சொல்லும் அந்த செடானில் இந்தக் கணக்கு அப்படியே உதைக்கிறது. 1984 கடைசியில் அறிமுகமான கார், 1993-ல் முகம் மாற்றிக்கொண்டது. கிரில்லின் தலையில் நின்ற நட்சத்திரம் பானெட்டுக்கு நகர்ந்தது, எண்ணுக்கு முன்னால் 'இ' வந்து உட்கார்ந்தது. பார்வைக்கு என்னவோ அழகுதான். கோளாறு உள்ளே, எஞ்சின் வயரிங்கில். அந்தக் கடைசிச் சில வருஷங்களில் கம்பிகளுக்குப் போர்த்திய உறை எஞ்சின் சூடு தாங்காமல் காய்ந்த அப்பளமாக நொறுங்கும். வண்டி திக்கும், நடுரோட்டில் நிற்கும், சமயத்தில் எலெக்ட்ரானிக் பெட்டிகளையும் பலி வாங்கும். 1995-ல் புனேயில் பென்ஸ் கூட்டத் தொடங்கியது இதே 124-ஐத்தான் என்பதால், நம்மூரில் கைமாறுவதில் பல இந்தக் காலத்தவை. சரி, அடுத்து வந்த நான்கு உருண்டை விளக்கு மாடலை வாங்கலாமே என்றால், அதற்குத் துரு என்று தனிப் புகார். நானாக இருந்தால் ஆர்.சி. புத்தகத்து வருஷத்தைவிட மெக்கானிக் கொடுத்த பில்களைத்தான் முதலில் புரட்டுவேன் (கிலோமீட்டர் கணக்கை நம்புவதை விட்டுப் பல காலமாகிறது). வயரிங் எப்போது மாற்றியது என்று ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள். புரோக்கர் உடனே பாட்டு போட்டு ஸ்பீக்கரின் அருமையை விளக்க ஆரம்பித்துவிடுவார்.