'அடுத்து சின்சினாட்டி!'

தோத்துட்டு வந்த கோச்சிடம் மைக்கை நீட்டினா என்ன பேசுவார்? 'பசங்க நல்லாத்தான் ஆடினாங்க, நேரம் சரியில்லை'னு ஆரம்பிச்சு ரெஃப்ரி, மழை, புல்தரை வரைக்கும் இழுப்பார். ஆனா, பில் பெலிசிக்கிடம் அந்தப் பருப்பு வேகாது பாஸ்!

யாருனு கேக்கிறீங்களா? அமெரிக்கன் ஃபுட்பால் கோச். (நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை ஷேப் பந்தைக் கையில் தூக்கிட்டு ஓடி, முட்டி மோதி உருளுவாங்களே, அது. காலுக்கு அதில் வேலை கம்மி. அப்புறம் ஏன் ஃபுட்பால்னு பேருனு என்னைக் கேக்காதீங்க!) 2000-ல் இருந்து 24 சீசன் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் டீமோட ஹெட் கோச். ஆறு சூப்பர் பவுல் ஜெயிச்சவர்.

2014 செப்டம்பர் 29. கன்சாஸ் சிட்டி டீமிடம் 41-14னு செம அடி. ஸ்டார் பிளேயர் டாம் பிராடிக்கு அப்போ வயசு 37. 'ஆள் அவ்ளோதான்'னு ஊரெல்லாம் பஞ்சாயத்து. ரெண்டு நாள் கழிச்சு பிரஸ்மீட். பிராடியின் வயசு பத்தி ஒரு கேள்வி. 'அடுத்து சின்சினாட்டி'ங்கிறார் மனுஷன். தோல்வி பத்திக் கேட்டா? 'அடுத்து சின்சினாட்டி.' எப்படிச் சுத்தி வளைச்சுக் கேட்டாலும் அதே ரெண்டு வார்த்தைதான். ஏன்னா, அடுத்த மேட்ச் சின்சினாட்டி பெங்கால்ஸோட! வைவாவில் நாம காக்கிற மௌனம் பதில் தெரியாத மௌனம். இது தெரிஞ்சும் சொல்ல மாட்டேன்கிற மௌனம்.

அந்த மேட்ச்சில் 43-17னு ஜெயிச்சாங்க. 2015 பிப்ரவரியில் சூப்பர் பவுலும் அவங்களுக்கே.

இதை வெறும் திமிர்னு சொல்ல எனக்கு மனசு வரலை. 'ஆமா, பிராடி சரியா ஆடலை'னு ஒரு வரி சொல்லியிருந்தா, வாரம் முழுக்க அதுதான் தலைப்புச் செய்தி. அதைத் தராம, திட்டு மொத்தத்தையும் தன் பக்கம் திருப்பிக்கிட்டார். மேட்ச் முடிஞ்சா கோச் பத்திரிகையாளர்களைச் சந்திச்சே ஆகணும்கிறது அங்கே லீக் ரூல். சரி, வருவார், நிப்பார். உதட்டுக்கு மட்டும் பூட்டு.

இவருக்குப் பேசவே வராதுனு நினைச்சுடாதீங்க. கால் இடுக்கு வழியா பந்தைப் பின்னாடி வீசுற 'லாங் ஸ்நாப்பர்'னு ஒரு வேலை இருக்கு. அதைப் பத்தி ஒருதடவை சும்மா கேட்டதுக்கு, கிட்டத்தட்ட பத்து நிமிஷம் சரித்திர கிளாஸே எடுத்தார்!

ஆனா, மால்கம் பட்லர் விஷயத்தில் நான் இவர் கட்சி இல்லை. 2015 ஃபைனலில் கடைசி அரை நிமிஷத்தில் எதிராளி வீசின பந்தைக் கோட்டுப் பக்கத்தில் பிடுங்கி, கோப்பையைக் காப்பாத்தினவர் பட்லர். 2018 பிப்ரவரியில் பிலடெல்ஃபியா ஈகிள்ஸுடன் மறுபடி சூப்பர் பவுல். சீசன் முழுக்க ஆடின பட்லரை அன்னிக்கு டிஃபென்ஸில் ஒருதடவைகூட இறக்கலை. தேசிய கீதத்தப்போ அவர் கண்ணீரோடு நின்னதை உலகமே டி.வி-யில் பார்த்துச்சு. 41-33னு தோல்வி. ஏன் சார் இறக்கலைனு கேட்டதுக்கு, 'ஜெயிக்க எது நல்லதோ அதைச் செஞ்சோம்'கிற ரேஞ்சில் ஒரு பதில். அதுக்கு மேல ம்ஹூம்!

அந்த இடைவெளியில் வதந்திகள் புகுந்துச்சு. 'நான் எந்தத் தப்பும் பண்ணலை'னு பட்லரே அறிக்கை விட வேண்டியதாப் போச்சு. கொஞ்ச நாளில் டென்னசி டீமுக்குக் கிளம்பிட்டார். பிராடிக்குக் குடையா இருந்த அதே மௌனம், பட்லரை நடுரோட்டில் நனைய விட்டுச்சு. கோச்சின் வாயில் இருந்து ஒரே ஒரு வரி வந்திருந்தா போதும், அந்தப் பையன் நிம்மதியாத் தூங்கியிருப்பான்.

2023 சீசனில் 4 வெற்றி, 13 தோல்வி. 2024 ஜனவரியில் பேட்ரியட்ஸை விட்டு விலகினார். அந்தக் கடைசி சீசன்லயும் பதில்கள் அதே சைஸ்தான். 2014-ல் அதைக் 'கெத்து'னு கொண்டாடின ரசிகர்களுக்கு, இப்போ கேக்கவே கடுப்பா இருந்துச்சு!